சாரலுக்கு முன்னும் பின்னும்: நம்ம வீட்டுத் தோட்டம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



கடன், வட்டி, தவணை பத்தி நம்ம கூட்டங்களில் நிறையப் பேசியாச்சு. இன்னைக்கு நம்ம புறவாசலைப் பத்திப் பேசச் சொல்லி எனக்கு வாய்ப்புக் கொடுத்திருக்காங்க. தோட்ட வேலைதான் எனக்குச் சோறு போடுது. குற்றாலத்தில் ஒரு விடுதித் தோட்டத்தில் 6 வருசம் கூலிக்கு வேலை பார்த்தேன். இப்போ எங்க குழுவில் 5 பேர் சேர்ந்து சில வீடுகளின் தோட்டத்தைப் பராமரிச்சுக் கொடுக்கிறோம். அந்த அனுபவத்தில் கண்டதையும், பயிற்சியில் கேட்டுச் செஞ்சு பார்த்ததையும் சொல்றேன்.

நம்ம மாவட்டத்தில் ரெண்டு ஊர்க் காத்து

2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டமாச்சு. மாவட்டம் ஒண்ணுதான், ஆனா மழை ஒண்ணு இல்லை. செங்கோட்டைக் கணவாய் வழியா கேரளத்து மழைக்காத்து உள்ளே வருது. அதனால ஆனி, ஆடி, ஆவணியில் குற்றாலம், இலஞ்சி, மேலகரம், செங்கோட்டைப் பக்கம் சாரல். அதே காத்து கிழக்கே சுரண்டை, ஆலங்குளம் போறதுக்குள்ளே ஈரத்தைத் தொலைச்சுட்டு வெறும் கச்சான் காத்தா வீசுது. காத்தாடி மின்சாரத்துக்கு அது நல்லது. நம்ம கத்தரிக்கும் வெண்டைக்கும் நல்லது இல்லை.

"ஆடிப்பட்டம் தேடி விதை"ன்னு நம்ம பெரியவங்க சொன்னது எல்லாருக்கும் தெரியும். விதைப் பாக்கெட்டோட வர்ற அட்டவணையிலும் அப்படித்தான் இருக்கும். ஆனா குற்றாலத்து ஓரத்தில் இருக்கிற ஒரு அக்கா ஆடி முதல் வாரத்தில் தக்காளி நட்டா, வெயிலே படாம இலை கருகி அழுகிப் போகும். ஆலங்குளத்து அக்கா அதே வாரத்தில் நட்டா, காத்தில் நாத்து ஒடிஞ்சு காஞ்சு போகும். ரெண்டு பேரும் "நம்ம கை ராசி இல்லை"ன்னு விட்டுருவாங்க. அது கை ராசி இல்லை, காலக்கணக்கு. அதனால நம்ம பக்கத்துக்குன்னு ஒரு கணக்கை மாச வாரியா சொல்றேன். கையில் பேனா இருந்தா குறிச்சுக்கோங்க.

சித்திரை, வைகாசி: வெயிலில் செய்ய வேண்டிய வேலை

இந்த ரெண்டு மாசமும் புதுசா நடுறதை விட, இருக்கிறதைக் காப்பாத்தணும். முதல் வேலை மூடாக்கு. செத்தை, காஞ்ச தென்னோலை, வாழைச் சருகு, எதையும் தீ வைக்காதீங்க. செடி மூட்டில் நாலு விரல் கனத்துக்குப் பரப்புங்க. தண்டை ஒட்டி மட்டும் கொஞ்சம் இடைவெளி விடுங்க. தென்னை, வாழை மூட்டில் தேங்காய் மட்டையைக் குழி மேலே பார்க்கிற மாதிரி அடுக்கிப் புதைச்சா, ஊத்துற தண்ணி அதில் ஊறி நிக்கும்.

ரெண்டாவது, குளிக்கிற தண்ணி. அங்கணத் தண்ணியைத் தெருவில் விடாம ஒரு குழியில் இறக்கி, சுத்தி கல்வாழை, சேம்பு, வாழை வச்சா வெயில் காலத்தைத் தாண்டிரலாம். துணி துவைச்ச சோப்புத் தண்ணியைக் கீரைக்கும் நாத்துக்கும் ஊத்தாதீங்க.

மூணாவது, கவாத்து. கச்சான் காத்து வர்றதுக்கு முன்னாடி முருங்கையை நெஞ்சு உயரத்துக்கு வெட்டி விடணும். முருங்கைக் கொப்பு பஞ்சு மாதிரி, காத்துக்கு நிக்காது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவாக்கின பிகேஎம் 1 செடி முருங்கை, வெட்ட வெட்டப் பக்கக் கிளை விட்டுக் காய்க்கிற ரகம். வீட்டுக் கூரை மேலே, கரண்டுக் கம்பி மேலே சாஞ்சு நிக்கிற கொப்பையும் இப்பவே பார்த்துரணும். கம்பி பக்கத்தில் இருக்கிறதை நம்ம வெட்டக் கூடாது, மின்வாரியத்துக்குச் சொல்லணும்.

நாலாவது, வாய்க்கால். வைகாசி கடைசிக்குள்ளே வீட்டைச் சுத்தின வாய்க்காலை மம்பட்டி போட்டு எடுத்து விட்டுருங்க. பாத்தி எல்லாம் தரையை விட அரை அடி உசரத்தில் இருக்கட்டும்.

ஆனி, ஆடி, ஆவணி: சாரல் மாசங்கள்

மேற்கே இருக்கிறவங்களுக்கு இந்த மாசங்களில் தண்ணி ஊத்துற வேலை இல்லை. ஆனா பூசணம் வரும். இலை எப்பவும் நனைஞ்சே இருக்கும், வெயில் கொஞ்சம்தான். செடிகளை நெருக்கி வைக்காதீங்க. கீழ் இலை மண்ணைத் தொட்டா கிள்ளிப் போடுங்க. வாழையில் இலைப்புள்ளி வந்த இலையை அறுத்துத் தோட்டத்தை விட்டு வெளியே போடணும்.

மிளகுக் கொடியும் தென்னையும் வச்சிருக்கிறவங்க, மழை வலுக்கிறதுக்கு முன்னாடி போர்டோ கலவை அடிக்கிறது நல்லது. 10 லிட்டருக்கு 100 கிராம் மயில் துத்தம், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பு. ரெண்டையும் தனித்தனியா 5 லிட்டர் தண்ணியில் கரைச்சு, துத்தத் தண்ணியைச் சுண்ணாம்புத் தண்ணியில் ஊத்திக் கலக்கணும். மண் பானை, பிளாஸ்டிக் வாளிதான் பயன்படுத்தணும், இரும்புப் பாத்திரம் ஆகாது. கலக்கினதில் அரிவாள் நுனியை முக்கிப் பாருங்க. செம்பு நிறம் படிஞ்சா இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்கணும். அன்னன்னைக்குக் கலக்கி அன்னைக்கே தீர்த்துரணும். தென்னையில் நடுக்குருத்து வாடிச் சாஞ்சா தள்ளிப் போடாதீங்க. குருத்தழுகல் மரத்தையே கொண்டு போயிரும்.

காண்டாமிருக வண்டு எருக்குழியில்தான் குஞ்சு பொரிக்கும். மாசம் ஒரு தடவை எருவைக் கிளறி, வெள்ளைப் புழுவைப் பொறுக்கிக் கோழிக்குப் போடுங்க. மரத்துக்கு மருந்து வாங்குறதை விட இது மலிவு. முருங்கை மரத்தில் கம்பளிப்புழு கூட்டமா ஒட்டியிருந்தா தீப்பந்தம் காட்டுங்க. நத்தைக்கு, ராத்திரி ஈரச் சாக்கை விரிச்சு வச்சா காலையில் அடியில் ஒதுங்கியிருக்கும். பொறுக்கி உப்புத் தண்ணியில் போட்டுரலாம். செடி மூட்டில் உப்பைத் தூவக் கூடாது.

இந்த மாசத்தில் நடவே கூடாதான்னு கேப்பீங்க. நம்ம பக்கத்துக்குன்னே ஒரு பயிர் இருக்கே, சிறுகிழங்கு! பொங்கப்படி வைக்கும்போது சிறுகிழங்கு இல்லாம நம்ம வீட்டில் பொங்கல் உண்டா? ஆனியில் கிழங்கைப் பதியம் போட்டு, ஆடிக் கடைசி, ஆவணியில் கொடி நுனியைக் கிள்ளி நட்டா, தைக்குச் சரியா வந்து சேரும். நட்டு ஒண்ணரை மாசத்தில் மண் அணைக்கணும். வேர் முடிச்சுப் புழு இதுக்குப் பெரிய எதிரி. அதனால போன வருசம் நட்ட இடத்திலேயே திரும்ப நடாதீங்க. அந்த இடத்தில் கேந்தி போடுங்க. பூவும் ஆச்சு, மண்ணும் சுத்தமாச்சு. திருவனந்தபுரத்தில் இருக்கிற மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தில் சிறுகிழங்குக்கு நல்ல ரகம் எல்லாம் உருவாக்கியிருக்காங்க. நம்ம கூட்டமைப்பு மூலமா ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வரணும்னு கேட்டுக்கிறேன்.

கிழக்கே இருக்கிற அக்காமார் இந்த மாசங்களில் ஒரு வேலை செய்யலாம். ஆனி, ஆடியில் வேப்பம்பழம் உதிரும். பொறுக்கி, சதையைக் கழுவி, நிழலில் காய வச்சு எடுத்து வைங்க. அதைப் பத்தி அப்புறம் சொல்றேன்.

புரட்டாசி முதல் கார்த்திகை வரை

சாரல் ஓஞ்சு ஐப்பசி மழை வர்றதுக்கு நடுவில் புரட்டாசியில் வெயில் கிடைக்கும். அதுதான் நம்ம நாத்துப் போடுற காலம். கத்தரி, தக்காளி, மிளகாய் விதையைச் சூடோமோனாஸ் தூள் கலந்து, ஓலைக் கீத்து நிழலில் போடுங்க. பந்தல் காய்க்குக் கம்பு, கயிறு எல்லாம் இப்பவே தயார் பண்ணிக்கணும்.

ஐப்பசி, கார்த்திகை மழை சாரல் மாதிரி தூறாது, கொட்டும். 2023 டிசம்பர் 17, 18-ல் நெல்லை, தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரி நாலு மாவட்டமும் என்ன பாடு பட்டதுன்னு நமக்குத் தெரியும். அந்த மாதிரி மழையைத் தோட்டத்தால் தடுக்க முடியாது. ஆனா தண்ணி வடியுற வழி திறந்திருந்தா செடி பிழைக்கும். ரெண்டு மூணு நாள் தண்ணி தேங்கினா பப்பாளியும் முருங்கையும் வேர் அழுகிரும். கறிவேப்பிலையும் வாடும். சேம்பும் கல்வாழையும் தாங்கும். எது பள்ளத்தில், எது மேட்டில்னு இதை வச்சு முடிவு பண்ணுங்க.

மார்கழி முதல் மாசி வரை

நம்ம தோட்டத்துக்கு நல்ல காலம் இதுதான். கார்த்திகைக் கடைசியில் மழை குறைஞ்சதும் நாத்தைப் பிடுங்கி நட்டா, தை, மாசியில் கத்தரி, தக்காளி, சீனி அவரை, புடலை, தடியங்காய், கீரை எல்லாம் வீட்டுக்கு ஆகும். மிஞ்சினதை விக்கலாம். பாவூர்சத்திரம் சந்தையில் அப்போ வரத்து அதிகமா இருக்கும், விலை இறங்கும். அதனால சந்தையை நம்பாம பக்கத்துத் தெருவில், பள்ளிக்கூட டீச்சர்களிடம், கடைகளில் சொல்லி வைங்க. "மருந்து அடிக்காத காய்"னு சொன்னா நம்பி வாங்குறாங்க. அந்த நம்பிக்கையை நம்ம காப்பாத்தணும்.

பனி நேரத்தில் அவரை, மொச்சையில் அசுவினி அப்பும். விடியக் காலையில் பனி ஈரத்தோட அடுப்புச் சாம்பலைத் தூவுங்க. பூச்செடி வச்சிருக்கிறவங்க மல்லிகையைக் கார்த்திகையிலும், பிச்சியை மார்கழியிலும் முழங்கால் உயரத்துக்குக் கவாத்துப் பண்ணி எரு போடணும். மாசியில் விதைக்காய் விடணும். நல்லா காய்க்கிற செடியில் முதல் ரெண்டு மூணு காயை விதைக்குன்னு அடையாளம் கட்டி விடுங்க. அதைப் பறிச்சுச் சமைச்சுராதீங்க.

பூச்சிக்கு நம்ம வீட்டு மருந்து

இப்போ அந்த வேப்பங்கொட்டைக்கு வர்றேன். 10 லிட்டர் தண்ணிக்கு அரை கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பு. இடிச்சுத் துணியில் முடிஞ்சு, ராத்திரி முழுக்க ஊற வச்சு, பால் மாதிரி வர்ற வரைக்கும் பிழிஞ்சு வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைச்சு, சாயங்காலம் இலைக்கு அடியில் படுற மாதிரி அடிங்க. வெயிலில் அடிச்சா அதோட வீரியம் போயிரும்.

கிழக்கே வேம்பு நிறைய இருக்கு. மேற்கே மிளகுக் கொடி, சிறுகிழங்குக் கொடி, சேம்பு, செத்தை நிறைய இருக்கு. நம்ம குழுக்கள் ஒருத்தருக்கொருத்தர் விலைக்குக் கொடுத்து வாங்கினாலே, உரக்கடைக்குப் போற காசு நம்ம கூட்டமைப்புக்குள்ளேயே சுத்தும். கடையில் வாங்கின விசத்தை வீட்டுக் கீரையில் அடிக்காதீங்க. அதை மறுநாள் சாப்பிடப் போறது நம்ம பிள்ளைதான்.

தோட்டம் கொசுவுக்கு வீடாகக் கூடாது

இது ரொம்ப முக்கியம். 2012-ல் கடையநல்லூரில் டெங்கு பரவினப்போ நம்ம பக்கம் எத்தனை வீட்டில் பயம் இருந்ததுன்னு மறந்திருக்க மாட்டீங்க. டெங்குக் கொசு சாக்கடையில் முட்டை போடாது. நல்ல தண்ணியில்தான் போடும். சிரட்டை, பழைய டயர், பூந்தொட்டிக்கு அடித்தட்டு, பயன்படுத்தாத ஆட்டுரல், மணிபிளான்ட் பாட்டில், மூடாத டிரம், எல்லாம் அதுக்கு வீடுதான். முட்டை கொசுவா மாற ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால வாரம் ஒரு நாள், வெள்ளிக்கிழமைன்னு வச்சுக்கோங்க, எல்லாத்தையும் கவுத்துத் தேச்சுக் கழுவுங்க. வெறுமனே தண்ணியைக் கொட்டினா போதாது. முட்டை பாத்திரச் சுவரில் ஒட்டிக்கிட்டு மாசக்கணக்கா காஞ்சு கிடக்கும், திரும்பத் தண்ணி பட்டதும் பொரிக்கும். குழுக் கூட்டம் நடக்கிற அன்னைக்கு அந்த வீட்டுப் புறவாசலை எல்லாரும் ஒரு சுத்து சுத்திப் பார்த்தாலே பாதி வேலை முடிஞ்சது.

செத்தைக் குவியலில் வெறுங்கையை விடாதீங்க. முதல்ல கம்பால் கிளறுங்க. மழைக்காலத்தில் காலுக்கு பூட்ஸ் இல்லாம புல் வெட்ட இறங்காதீங்க. பாம்பு கடிச்சா இறுக்கிக் கட்டுறது, கீறுறது, வேர் அரைச்சுக் குடிக்கிறது எல்லாம் வேண்டாம். கடிபட்ட கையைக் காலை ஆட்டாம 108-க்குப் போன் பண்ணி தென்காசி அரசு தலைமை மருத்துவமனைக்குப் போயிரணும்.

தளம் போடலாமா?

குற்றாலத்தைச் சுத்தி இருக்கிற நம்ம உறுப்பினர்கள் பல பேர் வீட்டில் இப்போ இந்தப் பேச்சு நடக்குது. "சீசனுக்குக் கார் நிறுத்த இடம் விட்டா காசு வரும், புறவாசலைப் பேவர் பிளாக் போட்டு மூடிரலாம்"னு மகனோ வீட்டுக்காரரோ சொல்றாங்க. வர்ற காசை வேண்டாம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா கணக்குப் போட்டுட்டு முடிவு பண்ணுங்க. கீரை, கறிவேப்பிலை, மல்லி, மிளகாய்க்கு ஒரு நாளைக்கு 15 ரூபாய்னு வச்சா மாசம் 450, வருசம் 5,400 ரூபாய். சீசன் காசு மூணு மாசம்தான், அதுவும் சாரல் நல்லா விழுந்தாத்தான். தளம் போட்டா மழைத் தண்ணி மண்ணில் இறங்காது, தெருவுக்கு ஓடும். சித்திரையில் அந்தத் தளம் சூடேறி வீட்டுக்குள்ளே இருக்க முடியாது. பாதி இடத்துக்குக் கல்லு, பாதி இடத்துக்கு மண்ணுன்னு பிரிச்சுக்கலாம். கார் சக்கரம் போற ரெண்டு வரிசைக்கு மட்டும் கல்லுப் பதிச்சு நடுவில் புல்லு விடலாம். ஆனா முடிவு பண்ணும்போது நம்மளைக் கேட்டுத்தான் பண்ணணும். அந்த மண்ணில் தண்ணி ஊத்தினது நம்ம கை.

கூலியா, ஒப்பந்தமா?

கடைசியா, வருமானம். கம்பெனிக்காரன் காலத்திலேயே குற்றாலத்தில் கிராம்பு, ஜாதிக்காய்த் தோட்டம் போட்டாங்க. இன்னைக்கும் இங்கே மங்குஸ்தானும் ரம்புட்டானும் காய்க்குது. ஐந்தருவிப் பக்கம் தோட்டக்கலைத் துறையின் சுற்றுச்சூழல் பூங்காவைப் பாருங்க, மண் எப்படிப்பட்டதுன்னு தெரியும். அந்த மண்ணில் விடுதி, பங்களா தோட்டங்களில் வேலை பார்க்கிறது பெரும்பாலும் நம்ம பெண்கள்தான்.

நான் வேலை பார்த்த விடுதியில் சீசன் முடிஞ்சதும் "இனி ஆனிக்கு வாங்க"ன்னு அனுப்பிருவாங்க. மாசி, பங்குனி, சித்திரையில் வேலை கிடையாது, சம்பளமும் கிடையாது. ஆனா ஆனியில் பூக்கிற பூவுக்குச் சித்திரையில்தானே தண்ணி ஊத்தணும்? அப்போ விட்டுட்டு, வைகாசிக் கடைசியில் கூப்பிட்டு "பத்து நாளில் பச்சையாக்கிக் கொடு"ன்னா எப்படி ஆகும்? நஷ்டம் அவங்களுக்கும்தான். செத்த செடிக்குப் பதிலா வருசா வருசம் புதுச் செடி வாங்கினாங்க.

நாங்க 5 பேர் இப்போ இந்தக் காரணத்தைச் சொல்லித்தான் வேலை கேக்குறோம். கூலிக்கு இல்லை, 12 மாசத்துக்கு ஒப்பந்தம். மாசத்துக்கு எத்தனை நாள் வருவோம், என்னென்ன வேலை, புல்வெட்டு மிஷினுக்குப் பெட்ரோல் யாரது, மருந்து யார் வாங்கணும், அத்தனையும் ஒரு தாளில் எழுதி ரெண்டு பக்கமும் கையெழுத்து. சாரல் மாசங்களில் புல்லைப் பத்து நாளைக்கு ஒரு தடவை வெட்டணும், படியில் பாசி தேய்க்கணும். வெயில் மாசங்களில் புல்வெட்டு குறைவு, தண்ணியும் மூடாக்கும் அதிகம். வேலை மாறும், ஆனா நிக்காது. அதனால சம்பளமும் நிக்கக் கூடாது. எல்லாரும் ஒத்துக்கலை. சில பேர் ஒத்துக்கிட்டாங்க. ஒரு வருசம் பார்த்தவங்க மறு வருசமும் எங்களையே கூப்பிட்டாங்க. தனியா ஒருத்தி கேட்டிருந்தா இது நடந்திருக்காது. குழுவோட பேரும் கூட்டமைப்போட கடிதமும் பின்னாடி இருந்ததாலதான் நடந்தது.

ஆகவே இந்த மேடையில் மூணு விசயம் கேட்டு முடிக்கிறேன். ஒண்ணு, கிழக்கு மேற்குக் குழுக்கள் விதை, கொடி, வேப்பங்கொட்டை மாத்திக்கிறதுக்கு வருசம் ரெண்டு தடவை, வைகாசியிலும் புரட்டாசியிலும், கூட்டமைப்பு ஒரு நாள் ஒதுக்கணும். ரெண்டு, ரெண்டு புல்வெட்டு மிஷினும் பூட்ஸ், கையுறையும் கூட்டமைப்புப் பணத்தில் வாங்கிக் குழுக்களுக்கு வாடகைக்குக் கொடுக்கணும். மூணு, தோட்ட வேலைக்குப் போற உறுப்பினர்கள் பேரைப் பதிஞ்சு, ஒப்பந்தத் தாள் ஒண்ணு எல்லாருக்கும் பொதுவா அச்சடிச்சுக் கொடுக்கணும்.

நிலப் பட்டா நம்ம பல பேர் பேரில் இல்லை. ஆனா புறவாசலில் எது முளைக்கணும், எது காய்க்கணும்னு தீர்மானிக்கிறது இன்னைக்கும் நம்மதான். அந்த உரிமையை விட்டுராம, அதையே நாலு காசு வர்ற தொழிலாவும் ஆக்குவோம்.